பருத்திக் காட்டில் காணாமல் போன பத்து விழுக்காடு

2000ஆம் ஆண்டு ஜூலையில், கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு பருத்திக் காட்டுக்கு அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஆட்கள் கம்பிச் சுருளும் கருவிப் பெட்டியுமாக வந்து இறங்கினார்கள். 1,600 மீட்டர் நீளம், 800 மீட்டர் அகலம். நம் கணக்கில் முன்னூறு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். தரை பலகை மாதிரிச் சமம். செடிகளுக்கு நடுவே ஒன்பது இடங்களில் கம்பம் நட்டார்கள். காட்டுக்குள் எவ்வளவு வெப்பம் வருகிறது, எந்தெந்த வழியில் எவ்வளவு போகிறது என்று ஆகஸ்ட் வரை அளந்தார்கள். அளந்து முடித்துக் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைத்தது. வரவைவிடச் செலவு பத்து விழுக்காடு குறைவு.

எபெக்ஸ்-2000 என்று பெயர் பெற்ற இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்திருக்கிறேன். அதன் முடிவு 'தெரியவில்லை' என்பதாக இருந்ததுதான் காரணம். தப்பு நுழையக்கூடிய ஓட்டைகளை முன்கூட்டியே ஒவ்வொன்றாக அடைத்துவிட்டுச் செய்த வேலை அது. அங்கேயே இடித்தது என்றால், ஒரே ஒரு கம்பத்தை நட்டுவிட்டு 'இந்த வனம் ஆண்டுக்கு இவ்வளவு கார்பனை உறிஞ்சுகிறது' என்று எண் சொல்லும் மற்ற இடங்களை எப்படி எடுத்துக்கொள்வது?

வரவும் செலவும்

வெயிலும் வானத்திலிருந்து வரும் வெப்பக் கதிரும் நிலத்தின் மேல் விழுகின்றன. அதில் கொஞ்சத்தை நிலம் பிரதிபலித்துவிடும். தன் சூட்டுக்கு ஏற்ப வெப்பக் கதிராகவும் கொஞ்சம் திருப்பி அனுப்பும். போக மிச்சம் நிற்பது நிகர கதிர்வீச்சு. இதுதான் வரவு.

செலவுக்கு நான்கு கணக்கு. காற்றைச் சூடாக்குவது ஒன்று. தண்ணீரை ஆவியாக்குவது இரண்டு. பாசனம் நடக்கும் பருத்தியில் பெரிய செலவு இதுதான். மண்ணுக்குள் இறங்குவது மூன்று. செடியின் தண்டும் இலையும், இடையில் நிற்கும் காற்றும் பிடித்து வைத்துக்கொள்வது நான்கு. ஒளிச்சேர்க்கைக்கும் கொஞ்சம் போகும், ஆனால் நல்ல உச்சி வெயிலில்கூட அது சதுர மீட்டருக்குப் பத்து வாட்டை ஒட்டித்தான் இருக்கும்.

இந்த நான்கையும் கூட்டினால் வரவு வர வேண்டும். 1980களின் பிற்பகுதியிலிருந்தே பல இடங்களில் அது வரவில்லை. 1994இல் பிரான்சின் கிரெனோபிளில் இதற்கென்றே ஒரு பட்டறை கூடியது. ஜெர்மனியின் தாமஸ் ஃபோக்கனும் அமெரிக்காவின் ஸ்டீவன் ஆன்க்லியும் அதில் பேசியதை அடுத்த ஆண்டு எழுதி வெளியிட்டார்கள். எபெக்ஸின் விதை அங்கேதான் விழுந்தது. பிரச்சினை எவ்வளவு பரவலானது என்பது 2002இல் இன்னும் தெளிவானது. 22 அளவீட்டுத் தளங்களில் சேர்ந்த 50 தள-ஆண்டுத் தரவை (ஒரு தளத்தின் ஓராண்டுத் தரவு ஒரு தள-ஆண்டு) ஒரு குழு சலித்துப் பார்த்தது. துண்டு விழுந்தது சராசரியாக 20 விழுக்காட்டை ஒட்டி.

பருத்திக் காட்டைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணம். ஆவியாதல் மிகுந்த பச்சைப் பரப்புகளில்தான் கணக்கு அதிகம் உதைத்தது, அதனால் கஷ்டமான இடத்திலேயே சோதிக்க வேண்டும். அதே நேரம் மேடு பள்ளம், மரக்கூட்டம், பக்கத்தில் குன்று என்று சாக்குச் சொல்ல இடம் இருக்கக் கூடாது.

காற்றை எப்படி எண்ணுவது

மண்ணுக்குள் இறங்கும் வெப்பத்தையும் கதிர்வீச்சையும் அளப்பது ஓரளவு நேரடியான வேலை. காற்று தூக்கிக்கொண்டு போகும் வெப்பத்தையும் நீராவியையும் அளப்பதுதான் விசித்திரமானது. எட்டி கோவேரியன்ஸ் என்று துறையில் சொல்வார்கள். பெயர் மிரட்டும், விஷயம் எளிது.

கம்பத்தின் உச்சியில் சானிக் அனிமோமீட்டர் என்ற கருவி இருக்கும். மூன்று ஜோடிக் குமிழ்கள், எதிரும் புதிருமாக. ஒன்று நம் காதுக்கு எட்டாத ஒலியைக் கிளப்பும், எதிரே இருப்பது வாங்கும். காற்றோடு போகிற ஒலி சீக்கிரம் சேரும், எதிர்த்துப் போவது தாமதிக்கும். அந்த நேர வித்தியாசத்திலிருந்து காற்றின் வேகம் மூன்று திசையிலும் கிடைக்கும். காற்றின் வெப்பநிலையையும் ஒலி கடக்க எடுத்த நேரத்திலிருந்தே எடுத்துவிடலாம். இதை விநாடிக்குப் பத்து, இருபது முறை செய்யும். பக்கத்திலேயே ஈரம் அளக்கும் கருவி. கிரிப்டான் விளக்கின் புற ஊதாக் கதிரை நீராவி எவ்வளவு விழுங்குகிறது என்று அது பார்க்கும். கார்பன் டை ஆக்சைடுக்கு அகச்சிவப்புக் கதிர்.

இப்போது ஒரு நொடியைப் பிடித்து நிறுத்துவோம். காற்று விநாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் மேலே போகிறது. அந்தக் காற்று சராசரியைவிட அரை டிகிரி சூடு. இரண்டையும் பெருக்கினால் 0.15. அடுத்து அதே வேகத்தில் காற்று கீழே இறங்குகிறது. அது சராசரியைவிட அரை டிகிரி குளிர்ச்சி. குறையைக் குறையால் பெருக்கினால் மறுபடி கூட்டல் 0.15. மேலே போன காற்றும் கீழே வந்த காற்றும் சரிக்குச் சரி, ஆனால் வெப்பம் மட்டும் மேலே போயிருக்கிறது. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1,200 ஜூல் வேண்டும். 0.15ஐ அதால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 180 வாட். அவ்வளவுதான். வெப்பத்துக்குப் பதில் நீராவியைப் போட்டால் ஆவியாதல், கார்பன் டை ஆக்சைடைப் போட்டால் செடி உறிஞ்சுவதும் மண் விடுவதும். விநாடிக்கு இருபது என்றால் அரை மணிக்கு 36,000 வாசிப்பு. அத்தனைக்கும் இப்படிப் பெருக்கிச் சராசரி எடுத்தால் ஒரு எண் கிடைக்கும்.

இதில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. அரை மணி நேரச் சராசரியில் காற்று மேலேயும் போவதில்லை, கீழேயும் வருவதில்லை என்று வைத்துக்கொள்கிறோம். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மண்ணில் வழுக்கும் இடம்

துறைக்கு வெளியே இருப்பவர்கள் மண்ணைச் சுலபமாக நினைப்பார்கள். பிஸ்கட் அளவில் ஒரு தட்டைப் புதைத்தால் அதன் வழியே போகும் வெப்பத்தைச் சொல்லிவிடும், உண்மைதான். ஆனால் தட்டு புதைந்திருப்பது சில சென்டிமீட்டர் ஆழத்தில். அதற்கு மேலே இருக்கும் மண் பிடித்து வைத்துக்கொண்ட வெப்பம் தட்டுக்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஈர மண்ணின் மேல் 5 சென்டிமீட்டர் அரை மணி நேரத்தில் ஒரே ஒரு டிகிரி சூடேறினால், அதற்குள் போனது சதுர மீட்டருக்கு 55 வாட் அளவு. இதை விட்டுவிட்டுத் தட்டு சொன்னதை மட்டும் எழுதினால் காலை நேரக் கணக்கு முழுக்கப் பாழ். பாத்திக்குப் பாத்தி, வரப்புக்கு வரப்பு ஈரம் வேறு மாறும். வரப்பில் வெயில் படும், பாத்தியில் தண்ணீர் நிற்கும். தட்டை எங்கே புதைப்பது?

எபெக்ஸ் குழு இதையெல்லாம் கணக்கில் எடுத்தது. செடிக்குள் தங்கும் வெப்பத்தையும் விடவில்லை. கதிர்வீச்சை ஒரே கருவியில் மொத்தமாக அளக்காமல், வருவதும் போவதும், வெயிலும் வெப்பக் கதிரும் என்று நான்காகப் பிரித்து அளந்தார்கள். வரும் வெயில் காடு முழுக்க ஒன்றுதான் என்பதால் அதை மூன்று இடத்தில் மட்டும். மற்ற மூன்றையும் ஒன்பது இடத்திலும். பல இடங்களில் ஒரே வேலைக்கு இரண்டு மூன்று கருவியை அருகருகே வைத்து ஒன்றை ஒன்றால் சரிபார்த்தார்கள்.

அப்படியும் பத்து விழுக்காடு இடித்தது. அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கக்கூடிய எல்லையைத் தாண்டிய துண்டு அது.

கருவிமேல் சந்தேகம்

முதல் சந்தேகம் கருவிகள்மேல்தான் வரும். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் கருவிகளைப் பக்கம் பக்கமாக வைத்துச் செய்த ஒப்பீட்டை 2007இல் மத்தியாஸ் மவுடரும் மற்றவர்களும் வெளியிட்டார்கள். எபெக்ஸில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் வயிற்றைக் கலக்கும் பகுதியும் இதுதான்.

கருவியை விடுங்கள், ஒரே தரவை ஆளுக்கொரு முறையில் பதப்படுத்தினாலே காற்று வெப்பத்தில் 10 விழுக்காடும் ஆவியாதலில் 15 விழுக்காடும் வித்தியாசம் வந்தது. மாவு ஒன்றுதான், ஆளுக்கொரு தோசை. காற்றை அளக்கும் கருவிக்கும் ஈரத்தை அளக்கும் கருவிக்கும் இடையே இருக்கும் சின்ன இடைவெளியை எப்படித் திருத்துவது, தரவு நேரத்தோடு மெல்ல ஏறும் அல்லது இறங்கும் சாய்வைக் கழிப்பதா விடுவதா என்பதில்தான் பெரும்பாலான வித்தியாசம். கருவிகளுக்கு இடையிலான வித்தியாசம் இதைவிடப் பெரிது. சில ஜோடிகளில் 50 விழுக்காடு வரை போனது. நன்றாகச் சீராக்கிப் பராமரித்தால் ஒரு குறிப்பிட்ட ஜோடியை 5 விழுக்காட்டுக்குள் நம்பலாம் என்று முடித்தார்கள். சிஎஸ்ஏடி-3 என்ற சானிக் அனிமோமீட்டரும் கிரிப்டான் ஈரமானியும் சேர்ந்த ஜோடி அது. ஆக, நல்ல கருவியை வைத்துப் பார்த்தாலும் பத்து இடிக்கிறது, ஐந்துக்குமேல் கருவியைக் குற்றம் சொல்ல முடியாது. அப்போதைக்கு விஷயம் அங்கே நின்றது.

அடுத்த சந்தேகம் அந்தக் காட்டின் மேல். பாத்திகளில் தண்ணீர் பாய்ச்சும்போது முன்னூறு ஏக்கரும் ஒரே நேரத்தில் நனையாது. ஒரு பக்கம் தண்ணீர் நிற்கும், இன்னொரு பக்கம் காய்ந்துகொண்டிருக்கும். விமானத்திலிருந்து எடுத்த படத்திலும் கம்ப அளவீட்டிலும் அது தெரிந்தது. தரை சமமாக இருந்தாலும் ஈரம் சமமாக இல்லை. சுற்றுப்புறம் வறண்ட வெப்பப் பூமி வேறு. அங்கிருந்து வரும் சூட்டுக் காற்று நனைந்த பருத்தியின் மேல் பட்டதும் குளிரும். தண்ணீரை ஆவியாக்க வெயில் கொடுத்தது போதாமல் காற்றின் சூட்டையும் செடி வாங்கிக்கொள்ளும். சோலைவன விளைவு என்பார்கள். இப்படிப் பக்கவாட்டில் வெப்பமும் ஈரமும் நகரும்போது, செடி உச்சிக்கும் கருவிக்கும் நடுவே இருக்கும் காற்றில் கொஞ்சம் கணக்கில் சிக்காமல் நழுவும். பத்து அங்கேதான் போயிருக்கும் என்று குழு ஊகித்தது. ஆனால் ஒன்பது கம்பத்தின் அளவீட்டை வைத்து அந்த நகர்வைக் கணக்கிட்டபோது, துண்டை நிரப்பும் அளவுக்கு அது தேறவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

பிறகு தெரிய வந்தவை

இப்போது அந்த அனுமானத்துக்கு வருவோம். பகலில் தரைக்கு மேலே ஒரு கிலோமீட்டர், அதற்கும் மேலே வரை காற்று பெரிய பெரிய உருளைகளாகப் புரளும். இவை கம்பத்தைத் தாண்டிப் போவதே இல்லை, அல்லது அரை மணியில் முக்கால்வாசிகூடத் தாண்டாது. ஓரிடத்தில் காற்று மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும், கொஞ்சம் தள்ளி இறங்கிக்கொண்டே இருக்கும். நாமோ அரை மணிச் சராசரியில் ஏற்றமும் இறக்கமும் சுழி என்று எழுதிவிட்டோம். அந்த மெதுவான ஏற்றத்தோடு போன வெப்பமும் ஈரமும் எழுதப்படாமல் போகின்றன. 2004இல் மனபு கண்டாவும் கூட்டாளிகளும் கணினிக்குள் இப்படியொரு வளிமண்டலத்தை உருவாக்கி, அதில் கற்பனைக் கம்பங்களை நட்டுப் பார்த்தார்கள். பிழையே இல்லாத கருவி, பிழையே இல்லாத தரை. அங்கேயும் கம்பம் குறைவாகத்தான் காட்டியது.

இதற்குச் சாதகமான சாட்சி வறண்ட இடத்திலிருந்து வந்தது. அதே 2004இல், நெகேவ் பாலைவனத்தில் மண் வெப்பத்தை ஒழுங்காக அளந்ததும் கணக்கு நேரானது என்று ஒரு நெதர்லாந்துக் குழு எழுதியது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மாதிரி நிலம். பெரிய உருளைகள் ஒரே இடத்தில் தங்கி நிற்கக் காரணம் எதுவும் அங்கே இல்லை. ஈரமும் வறட்சியும், வனமும் வயலும் அடுத்தடுத்து இருக்கும் நிலத்தில்தான் கணக்கு உதைக்கிறது. 2013இல் 173 தளங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்விலும் இதே சாயல்: சராசரியாக வரவில் 84 விழுக்காடுதான் செலவில் தென்பட்டது, சுற்றியுள்ள நிலத்தின் கலவைக்கும் துண்டுக்கும் தொடர்பு இருந்தது.

சரி, கருவி தப்பித்ததா என்றால் இல்லை. கருவியின் குமிழ்களே தங்கள் நிழலால் காற்றை மறிக்கின்றன என்ற சந்தேகம் வலுத்து, 2015இல் தாமஸ் ஹோர்ஸ்டும் மற்றவர்களும் சிஎஸ்ஏடி-3 செங்குத்துக் காற்றைச் சில விழுக்காடு குறைத்துக் காட்டுவதாக எழுதினார்கள், திருத்தும் வழியோடு. எபெக்ஸில் நற்சான்று வாங்கிய அதே கருவி. ஒப்பீட்டில் எல்லாரையும் இதனோடுதானே ஒப்பிட்டார்கள். அளவுகோலே கொஞ்சம் குட்டை என்றால் 5 விழுக்காட்டுத் துல்லியம் என்ற சான்றுக்கு அர்த்தம் மாறிவிடுகிறது. அந்தப் பத்து விழுக்காட்டுத் துண்டின் ஒரு பகுதியை இது விளக்கும், முழுதையும் அல்ல என்பது என் கணிப்பு.

துண்டை யார் தலையில் கட்டுவது

பத்து விழுக்காடு என்பது தண்ணீராகப் பார்த்தால் என்ன? பாசன வயலுக்கு ஒரு வெயில் நாளில் நிகர வரவு சதுர மீட்டருக்கு 15 மெகா ஜூல் என்று வைத்துக்கொள்வோம். துண்டு 1.5 மெகா ஜூல். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.45 மெகா ஜூல் வேண்டும். துண்டு முழுக்க ஆவியாதலில் விட்டதுதான் என்றால் நாளுக்கு 0.6 மில்லிமீட்டர், ஏக்கருக்குச் சுமார் 2,500 லிட்டர். பயிருக்கு எத்தனை தண்ணீர் விட வேண்டும் என்று கம்பத் தரவை வைத்துச் சொல்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

துண்டை நிரப்பப் பரவலாக இருக்கும் வழி, காற்று வெப்பமும் ஆவியாதலும் என்ன விகிதத்தில் இருக்கின்றனவோ அதே விகிதத்தில் பிரித்துச் சேர்ப்பது. புல்வெளியில் இது ஓரளவு நியாயம். நனைந்த பருத்தியில் அபத்தமாகிவிடும். பிற்பகலில் காற்று வெப்பம் கீழ்நோக்கி, அதாவது குறை எண்ணாக இருக்கும். விகிதப்படி பிரித்தால் ஏற்கெனவே குறையாக இருப்பதை இன்னும் குறைத்து, ஆவியாதலில் துண்டைவிட அதிகமாகச் சேர்க்க வேண்டி வரும். வேறு சிலர், பெரிய உருளைகள் சூட்டுக் காற்று இலேசாகி மேலே மிதப்பதால் எழுபவை, ஆகவே பெரும்பங்கு காற்று வெப்பத்துக்கே என்கிறார்கள். எதைத் தேர்ந்தாலும் பயிரின் தண்ணீர்க் கணக்கு மாறும். கட்டுரையின் 'முறைகள்' பகுதியில் ஒரு வரியில் கடந்து போகும் முடிவு இது.

வாயுக்களுக்கு வந்தால் சங்கடம் கூடுகிறது. வெப்பத்துக்காவது நிகர கதிர்வீச்சு என்ற தணிக்கைக்காரர் இருக்கிறார், துண்டு விழுந்தால் காட்டிக்கொடுப்பார். கார்பன் டை ஆக்சைடுக்கு அப்படி யாரும் இல்லை. வெப்பத்தைத் தூக்கிப் போகும் அதே காற்றுத்தான் அதையும் சுமக்கிறது. ஒன்று விடுபட்டால் மற்றதும் விடுபட்டிருக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. சூட்டுக் காற்று இலேசானது என்பதால், மேலே ஏறும் காற்றில் கன மீட்டருக்கு இத்தனை என்று பார்த்தால் கார்பன் டை ஆக்சைடு குறைவாகத் தெரியும். செடி உறிஞ்சாமலேயே உறிஞ்சுவது போலக் காட்டும். வெப், பியர்மன், லூனிங் மூவரும் 1980இல் இதற்குத் திருத்தம் கொடுத்தார்கள். அந்தத் திருத்தத்துக்கு உள்ளே போடுவதே காற்று வெப்பத்தையும் ஆவியாதலையும்தான். அவை குறைவு என்றால் திருத்தமும் குறையும், உறிஞ்சல் மிகையாகத் தெரியும். விடுபட்ட உருளைகளோ உறிஞ்சலைக் குறைத்துக் காட்டும். எதிரெதிர்த் திசையில் இரண்டு பிழை. எது எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும்.

எபெக்ஸின் கேள்வியை 2019இல் இன்னும் பெரிய இடத்துக்கு எடுத்துப் போனார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில், 447 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரத்தைச் சுற்றிப் பத்துக்குப் பத்து கிலோமீட்டர் வனமும் சதுப்பும் ஏரியுமான நிலத்தில் இருபது கம்பங்கள் அளவில் நட்டு, மேலே விமானமும் பறக்கவிட்டார்கள். பெயர் சீஸ்ஹெட்-19. விஸ்கான்சின்காரர்களுக்கு ஊர் வைத்த கிண்டல் பெயர் அது. அந்த எழுத்துகள் வரும்படி நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்றை வலிந்து கட்டியிருக்கிறார்கள். ஒரு கம்பம் பிடிக்காத உருளையைக் கம்பக் கூட்டமும் விமானமும் சேர்ந்து பிடிக்கும் என்பது திட்டம்.

நம் பக்கம் பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் இப்படி ஒரு கம்பம் உண்டு. அங்கே நான்கு செலவுக் கணக்கு போதாது. ஓதத்தோடு ஏறி இறங்கும் தண்ணீர் வெப்பத்தையும் கார்பனையும் பக்கவாட்டில் கொண்டுபோகும். அதற்கென்று ஐந்தாவதாக ஒரு கணக்கு வேண்டும்.

புதுத் தளத்தின் தரவு கைக்கு வந்தால் நான் முதலில் போடுவது ஒரே படம்: ஒரு அச்சில் வரவில் மண்ணும் செடியும் எடுத்துக்கொண்டது போக மீதி, மறு அச்சில் காற்று வெப்பமும் ஆவியாதலும் சேர்ந்தது. சாய்வு 0.8, 0.9 என்று வந்தால் மேற்கொண்டு வேலையைப் பார்ப்பேன். கலவையான நிலத்தில் 1.00 என்று வந்தால், யாராவது ஏற்கெனவே துண்டைப் பிரித்துச் சேர்த்துவிட்டார்களா என்று தரவோடு வந்த குறிப்பைத் தேடுவேன்.